பாபநாசம் வீடு (குழு)

பெரியப்பா: நேற்று விழுந்த இடியில் கடை கம்ப்யூட்டர் போய்விட்டது. மதர்போர்டு அவுட்டாம். வேறு பெட்டி வாங்கி, ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் பண்ணித்தான் போட முடியும் என்கிறான் ரிப்பேர் கடைக்காரன். குறுவைக்கு உரம் வாங்கினவர்களின் பாக்கி முழுக்க அதில் இருக்கிறது.

யாழினி: ஃபார்மேட் வேண்டவே வேண்டாம் பெரியப்பா!! டிஸ்கைக் கழற்றிக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அதில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். வேறு பெட்டியில் மாட்டினாலும் பெரும்பாலும் அப்படியே எழுந்துவிடும்.

செந்தில் அத்தான்: என் பழைய டெஸ்க்டாப் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் வேறு கம்பெனி போர்டு. டிரைவர் எல்லாம் மாற்ற வேண்டாமா?

யாழினி: வேண்டாம் அத்தான். பெரும்பாலான டிரைவர்கள் லினக்ஸின் மையமான கெர்னலோடேயே வந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் என்ன போர்டு, என்ன நெட்வொர்க் கார்டு என்று பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும். என்விடியா கார்டுக்குத் தனியாகப் போட்ட டிரைவர்தான் சில சமயம் தகராறு செய்யும். நம் கடையில் அந்தக் கார்டே கிடையாது.

செந்தில் அத்தான்: டிஸ்கை எந்த சாட்டா போர்ட்டில் செருக?

யாழினி: எதிலும் செருகலாம். யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்துத்தான் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் பகுதியை, தேடும். பிராசசர் 64 பிட்தானே?

செந்தில் அத்தான்: ஆமாம்.

பெரியம்மா: மாப்பிள்ளை, கும்பகோணத்திலிருந்து வரும்போது கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி.

செந்தில் அத்தான்: 👍

செந்தில் அத்தான்: மாட்டியாயிற்று. பூட் டிவைஸ் இல்லை என்கிறது.

பெரியப்பா: போச்சுடா.

யாழினி: ஒன்றும் போகவில்லை. பழைய பெட்டியில் லினக்ஸை லெகஸி என்ற பழைய பூட் முறையில் போட்டது. அதன் பூட் சமாசாரம் டிஸ்கின் முதல் செக்டாரில் இருக்கும். இந்தப் பெட்டி யூஇஎஃப்ஐ என்ற புது முறையில் வேறொரு பார்ட்டிஷனைத் தேடுகிறது. பயாஸுக்குள், அதாவது போர்டின் செட்டிங்ஸுக்குள், போய் செக்யூர் பூட்டை நிறுத்திவிட்டு, பழைய முறையிலும் பூட் ஆக விடும் சிஎஸ்எம் என்று இருப்பதை எனேபிள் பண்ணுங்கள்.

செந்தில் அத்தான்: இங்கே தேதி 2012 என்று காட்டுகிறதே, பரவாயில்லையா?

யாழினி: முதலில் சிஎஸ்எம்.

பெரியப்பா: வந்துவிட்டது! இன்டர்நெட்டும் வருகிறது. பாக்கி நோட்டு அப்படியே இருக்கிறது. ஃபார்மேட் பண்ண இருந்தானே பாவி.

யாழினி: உடனே ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். வேறு வேலை அப்புறம்.

பெரியப்பா: எடுத்தாயிற்று. கரண்ட் போய்விட்டது.

பெரியப்பா: வந்தது. ஆன் பண்ணினால் மறுபடியும் பூட் டிவைஸ் இல்லை!

யாழினி: அந்த 2012 இதற்குத்தான். போர்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கும். கரண்ட் போனால் தேதியோடு சிஎஸ்எம் செட்டிங்கும் பழையபடி ஆகிவிடும். கடிகாரக் கடையிலேயே சிஆர் 2032 என்று கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்ற வேண்டும். அத்தான், மாற்றியதும் சிஎஸ்எம்மை ஒரு தடவை திரும்பப் போட்டுவிடுங்கள்.

செந்தில் அத்தான்: பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை திறந்திருக்கும், போய் வருகிறேன்.