பழைய கவுனில் 14, ஆனால் எனக்குப் போதவில்லை

தோழிகளே, ஒரு உதவி. இங்கே அமெரிக்காவில் ஒரு பழந்துணிக் கடையில் பச்சைப் பூப்போட்ட பருத்தி கவுன் வாங்கினேன். பக்கவாட்டில் உலோக ஜிப், கழுத்தருகே அளவு 14 என்று சின்ன லேபிள். இப்போதைய கடைகளில் எனக்கு 8 சரியாக இருக்கும். அதனால் இது தொளதொளவென்று இருக்கும், பிடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று நம்பி வாங்கினேன். போட்டுப் பார்த்தால் ஜிப் இடுப்போடு நின்றுவிட்டது!

தேடிப் பார்த்ததில் கொஞ்சம் பிடிபட்டது. 1958-இல் இங்கே வந்த அளவுமுறையில் 8 என்றால் மார்பு 31 அங்குலம், இடுப்பு 23.5தான். தையல் பேட்டர்ன்களிலும் (துணி வெட்டுவதற்கான காகித மாதிரிகள்) 1960களின் கடைசி வரை 14-க்கு மார்பு 34, இடுப்பு 26. அப்புறம் அதே 34 அங்குல மார்பு 12 என்று மாறிவிட்டது. ஆக, லேபிளை நம்பக் கூடாது, டேப்பைத்தான் நம்ப வேண்டும்.

கவுனைத் தரையில் விரித்து அளந்தேன். இடுப்பில் 13.5, சுற்றளவு 27. எனக்கோ 28. உள்ளே தையல் ஓரத்தில் முக்கால் அங்குலம் துணி மிச்சம் இருக்கிறது. ஜிப் பக்கத்தைத் தொடாமல் மறுபக்கம் மட்டும் பிரித்து விட்டால் கோணலாகுமா? பழைய தையல் தடம் வெளியே தெரியுமா? துணி அவ்வளவு மெத்தென்று இருக்கிறது, கெடுத்துவிடப் பயமாக இருக்கிறது. பழைய துணி பிரித்துத் தைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.