பாகூர் வீடு குழு: யாழினியின் முகூர்த்தத் தேதி

முருகேசன், காலை 9:05
எல்லோருக்கும் வணக்கம். மாப்பிள்ளை வீட்டார் நேற்று மாலை வந்திருந்தார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம், தையில் திருமணம் என்று பேசியிருந்தோம். இப்போது ஐப்பசியிலேயே வில்லியனூர் கோயிலில் தாலி கட்டிவிடலாம் என்கிறார்கள். வரவேற்பைத் தையில் மண்டபத்தில் வைத்துக்கொண்டு, பதிவையும் அப்போதே செய்துகொள்ளலாமாம். மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன் என்பதால், முன்னதாகத் தாலி ஏறினால் நம் யாழினிப் பாப்பாவுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டியும் முன்னதாகக் கிடைக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

செல்வம், காலை 9:11
ஐப்பசியே நல்லது அண்ணா. ஒரு வருடத்தில் பாஸ்போர்ட் வந்துவிடும் என்று தரகரே சொன்னார்.

விமலா, காலை 9:13
ஒரு வருடமா? சரோஜாவுக்கு அப்படி நடக்கவில்லையே.

செல்வம், காலை 9:14
அது வேறு கதை அண்ணி.

சரோஜா, காலை 9:20
வேறு கதை இல்லை அண்ணா. அதே கதைதான்.

கலாவதி (கிரெத்தேய்), காலை 9:48
முருகேசா, இங்கே பிரான்சில் இப்போதுதான் விடிந்தது. படித்தவுடன் எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் ஐப்பசிக்குச் சம்மதம் சொல்லிவிடாதீர்கள்.

தரகர் சொன்னது பொய்யன்று, பழைய கணக்கு. என் ஓரகத்தி தனம் அக்கா 1971இல் விழுப்புரத்திலிருந்து மருமகளாக வந்தபோது, பிரெஞ்சுக்காரரை மணக்கும் வெளிநாட்டுப் பெண் மணந்த அன்றே பிரெஞ்சுக் குடிமகள் ஆகிவிடுவாள். 1973இல் அந்த வழக்கம் போய், கணவனோ மனைவியோ உரிமையை அறிவித்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஆயிற்று. 1991இல் எனக்குத் திருமணம் ஆனபோது ஆறு மாதம் காத்திருந்தால் போதும். 1993இல் அது இரண்டு ஆண்டானது, 1998இல் ஓராண்டாகக் குறைந்தது, 2003இல் மறுபடியும் இரண்டானது, 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நான்கு ஆண்டுகள். தரகர் சொல்லும் ஒரு வருடம் 1998க்கும் 2003க்கும் நடுவில் மணந்தவர்களுக்குக் கிடைத்தது. புதுச்சேரியில் ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் மருமகளுக்கு நடந்ததையே சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சட்டம் இத்தனை முறை மாறியிருக்கிறது.

செல்வம், காலை 9:55
நான்கு ஆண்டு என்றாலும் ஐப்பசியில் தொடங்கினால் மூன்று மாதம் மிச்சம்தானே அக்கா?

கலாவதி (கிரெத்தேய்), காலை 10:10
மிச்சம் இல்லை செல்வம், அங்கேதான் சிக்கல். பிரெஞ்சுக் குடிமகன் ஒருவர் இந்தியாவில் திருமணம் செய்துகொள்ளும் முன், துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் மணக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பைப் பத்து நாள் ஒட்டிவைப்பார்கள். தேவைப்பட்டால் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், பிறகு அந்தத் திருமணத்தை எத்தாசிவில் என்னும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேட்டில் பதிவது எளிது. அந்தப் பதிவு இல்லாமல் மனைவி குடியுரிமைக்குக் கையெழுத்திடவே முடியாது.

கோயிலில் தாலி கட்டுவது நமக்குச் சடங்கு மட்டும் இல்லை, சட்டப்படியும் அதுதான் திருமணம். ஐப்பசியில் தாலி கட்டிவிட்டுத் தையில் நடந்ததாக நகராட்சியில் எழுதினால், கோயில் சீட்டில் ஒரு தேதியும் பதிவுச் சான்றில் வேறொரு தேதியும் இருக்கும். சான்றிதழ் இல்லாமல் நடந்த திருமணத்தைப் பதியமாட்டோம் என்று சொல்வதில்லைதான். ஆனால் அழைத்து விசாரித்துவிட்டுத்தான் பதிவார்கள். அந்த நேரத்தில் இரண்டு தேதியோடு பாப்பா போய் உட்கார வேண்டாம். மூன்று மாதம் முந்தப்போய் ஒரு வருடம் பிந்திவிடும்.

இராசேந்திரன், காலை 10:22
கலா சொல்வது சரி. தேதியில் பொய் கூடாது. மேலும், இந்தக் குழுவில் முழு வாக்கியமாக எழுதுகிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

விமலா, காலை 10:25
மாப்பிள்ளை அருண் டப்ளினில் அல்லவா வேலை பார்க்கிறார்? பிரான்சில் இல்லையே அண்ணி. அப்படியென்றால் விசா யார் கொடுப்பார்கள்?

கலாவதி (கிரெத்தேய்), காலை 10:51
நல்ல கேள்வி விமலா. குடியுரிமை வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. குடியுரிமையைக் கொடுப்பது பிரெஞ்சுச் சட்டம். டப்ளினில் பாப்பா குடியிருக்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஆணையிலிருந்து வருகிறது. ஒன்றியத்தின் ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு நாட்டில் வேலை செய்யும்போது, அவருடைய மனைவி எந்த நாட்டவளாக இருந்தாலும் கூடவே வாழலாம், வேலையும் பார்க்கலாம். இதற்கு மொழித் தேர்வு கிடையாது. நுழைவு விசாவுக்குக் கட்டணம் கிடையாது, அதை விரைந்தும் கொடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் ஆறு மாதத்துக்குள் குடியிருப்பு அட்டை தர வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும், ஐந்து ஆண்டு முறையாக வாழ்ந்தபின் நிரந்தர உரிமை.

அருண் தன் நாடான பிரான்சிலேயே இருந்திருந்தால் இந்த ஆணை பொருந்தாது, பிரெஞ்சு விதிகள்தான். சொந்த நாட்டில் இருப்பவரின் மனைவியைவிட வெளிநாட்டில் இருப்பவரின் மனைவிக்கு வழி எளிது. பின்னாளில் இருவரும் பாரிசுக்குத் திரும்பினாலும் அந்த உரிமை கூடவே வரும். பிரிட்டன் பெண்ணை மணந்த சுரிந்தர் சிங் என்ற இந்தியரின் வழக்கில் 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. மனைவியோடு ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர்.

முருகேசன், காலை 10:58
அக்கா, அந்த உரிமை முழுவதும் அவர் கையில் இருக்கிறதா? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாப்பா கதி என்ன?

கலாவதி (கிரெத்தேய்), காலை 11:09
தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி. மணவிலக்கு வழக்குத் தொடுக்கும்போது திருமணமாகி மூன்று ஆண்டும், அதில் அந்த நாட்டில் ஒரு ஆண்டும் கழிந்திருந்தால், பிரிந்த பிறகும் அவள் உரிமை போகாது. வீட்டுக்குள் வன்முறை நடந்திருந்தால் அந்த மூன்று ஆண்டும் வேண்டியதில்லை. ஆனால் அவள் தன் காலில் நிற்பதைக் காட்ட வேண்டும். அதனால்தான் பாப்பா போன முதல் மாதத்திலிருந்தே தன் பெயரில் வங்கிக் கணக்கும் தன் பெயரில் சம்பளமும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். குடியுரிமைக்குப் போகும்போது ஒன்றாக வாழ்ந்தோம் என்பதற்கும் அந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

சரோஜா, காலை 11:30
நான் என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்குத் தெரிய வேண்டும். எனக்கு 2008 மே மாதம் திருமணம். அவர் பிரெஞ்சு இராணுவத்தில் ஓய்வு பெற்று இங்கேயே இருந்தார். நாங்கள் பிரான்சில் வாழவில்லை. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கு என்று தூதரகத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் கணவர் பெயர் தொடர்ந்து இருந்தால் மனைவிக்கு நான்கு ஆண்டு, இல்லாவிட்டால் ஐந்து ஆண்டு. அவருடைய பதிவு எங்கள் திருமணத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் அந்த அட்டை கிடந்தது. மூலை மடங்கி, படத்தில் அவருக்குக் கறுத்த மீசை. புதுப்பிக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

2012 டிசம்பரில் அவர் போய்விட்டார். பதிவு மட்டும் இருந்திருந்தால் அந்த மே மாதமே நான் கையெழுத்திட்டிருப்பேன். சேர்ந்து வாழும்போதுதான் அறிவிக்க முடியும், கணவர் இறந்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும். பையன் பிறப்பாலேயே பிரெஞ்சுக்காரன். அவருடைய ஓய்வூதியத்தில் பாதி எனக்கு வருகிறது, அதற்குக் குடியுரிமை கேட்கவில்லை. எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரு அட்டையைப் புதுப்பிக்காததால் ஏழு மாதத்தில் போனது அது.

விமலா, காலை 11:34
சரோஜா, இத்தனை வருடம் நீ இதைச் சொல்லவே இல்லையே.

செல்வம், காலை 11:36
மன்னித்துவிடு தங்கச்சி. நான் தெரியாமல் வேறு கதை என்று சொல்லிவிட்டேன்.

இராசேந்திரன், காலை 11:52
நம் குடும்பத்தில் கையெழுத்தால் வந்த வருத்தம் இது முதலாவது அன்று. புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். அத்தை வீட்டு மாமா எழுதிக் கொடுத்தார், அப்பா எழுதவில்லை. நிலம் இங்கே இருக்கும்போது நான் எதற்கு வேறு நாட்டுக்காரன் ஆக வேண்டும் என்று கேட்டாராம். அவர் செய்தது பிழை என்று இந்தக் குழுவில் யாராவது எழுதினால் நான் ஏற்கமாட்டேன்.

கலாவதி (கிரெத்தேய்), காலை 11:57
பிழை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை அண்ணா. அந்த மாமாவின் மகனைத்தான் நான் கட்டிக்கொண்டேன், இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

யாழினி, பகல் 12:20
அத்தை, நான் ஒன்று கேட்கலாமா? எல்லோரும் பிரெஞ்சு பாஸ்போர்ட் எப்போது கிடைக்கும் என்று பேசுகிறீர்கள். என் இந்திய பாஸ்போர்ட்டை நான் விட்டுத்தான் ஆக வேண்டுமா?

கலாவதி (கிரெத்தேய்), பகல் 12:41
வேண்டியதில்லை கண்ணு. யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது. குடியிருப்பு அட்டையோடு இந்தியக் குடிமகளாகவே வாழ்நாள் முழுவதும் கணவரோடு இருக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தால்தான் இந்தியக் குடியுரிமை போகும், ஏனென்றால் நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகு, வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை எடுத்தால் விசா இல்லாமல் வந்துபோகலாம், ஆனால் வாக்களிக்க முடியாது, வயல் வாங்க முடியாது.

உன் விருப்பம் எதுவாக இருந்தாலும் பிரெஞ்சு படிக்க இன்றே சேர்ந்துவிடு. முன்பு மொழித் தேர்வில் பி1 என்ற நடுத்தர நிலை போதும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் திருமணத்தின் வழியாகக் குடியுரிமை கேட்பவரும் பேச்சிலும் எழுத்திலும் அதற்கு அடுத்த மேல்நிலையான பி2 காட்ட வேண்டும். டப்ளினில் ஆங்கிலம் பேசிக்கொண்டு நான்காம் ஆண்டில் பி2 எட்டுவது கடினம். அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சு மொழிப் பள்ளியில் இந்தப் பருவமே சேர்ந்தால் போகும்போது ஒரு அடித்தளம் இருக்கும்.

முருகேசன், பகல் 12:47
வயல் என்றதும் ஒன்று. பாப்பா பேரில் எழுதலாம் என்று வைத்திருந்த அந்த அரைக் காணி?

கலாவதி (கிரெத்தேய்), பகல் 12:53
அவள் இங்கே குடியிருக்கும்போதே எழுதிவிடு. வெளிநாட்டில் குடியேறிய பிறகு, இந்தியக் குடிமகளாகவே இருந்தாலும், வயலை வாங்கவோ தானமாகப் பெறவோ முடியாது. இங்கே இருந்தபோது பெற்றதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாகவும் பெறலாம்.

செல்வம், பகல் 12:55
அந்த நிலம் இன்னும் பாகம் பிரிக்கவில்லை அண்ணா. அதை முதலில் பேச வேண்டும்.

இராசேந்திரன், பகல் 12:58
அதை நேரில் பேசுவோம் செல்வம். இங்கே வேண்டாம்.

யாழினி, பிற்பகல் 1:15
பிரெஞ்சு வகுப்புக்கு நாளை போய்க் கேட்கிறேன். நேஷனாலிட்டி எடுப்பதா வேண்டாமா என்பதை நான் இப்போது முடிவு செய்யவில்லை அப்பா. ஆனால் எடுக்க நினைக்கும் நாளில் வழி திறந்திருக்க வேண்டும்.

முருகேசன், பிற்பகல் 1:18
சரி அம்மா. ஐப்பசி வேண்டாம் என்று நானே அவர்களிடம் சொல்கிறேன். சான்றிதழ் விஷயம் மட்டும் எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியவில்லை. கலா அக்கா, நீங்கள் சம்பந்தியிடம் ஒரு முறை பேச முடியுமா?

கலாவதி (கிரெத்தேய்), பிற்பகல் 1:24
இன்று இரவே பேசுகிறேன்.

சரோஜா, பிற்பகல் 1:40
யாழினி, அருண் டப்ளினில் இருக்கும் பிரெஞ்சுத் தூதரகத்தில் பதிந்திருக்கிறாரா? அந்தப் பதிவு எதுவரை செல்லும் என்று கேள். முதலில் அதைக் கேள்.

யாழினி, பிற்பகல் 2:26
கேட்டேன் சின்ன அத்தை. பதிவுச் சான்றைப் படம் எடுத்து அனுப்பினார். இந்த நவம்பரில் முடிகிறது.

சரோஜா, பிற்பகல் 2:27
தைக்கு முன்னால்.

யாழினி, பிற்பகல் 2:28
ஆமாம். இன்று மாலையே புதுப்பிக்க விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அனுப்பியதும் உங்களுக்குத்தான் முதலில் காட்டுவேன்.