ஆய்வேடு கேட்டுத் துறை துறையாக

தென்மாவட்ட நூலகர்:
இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைப் பொதுவில் வைக்கும் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஆய்வேடு ஏற்றும் வேலை பார்க்கிறவர்கள், துறைகளுக்கு அலைந்த கதையைச் சொல்லுங்களேன். முதலில் என்னுடையது.

2009-இல் மின்படியும் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி வந்த பிறகு சேர்ந்தவர்களின் ஆய்வேடுகள் மின்படியோடு வந்துவிடுகின்றன. வம்பெல்லாம் பழையவற்றில்தான். மூன்று சுற்றறிக்கை அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. சரி என்று தமிழ்த்துறைக்கு நேரிலேயே போனேன். துறைத்தலைவர் அம்மா, "பொதுவுல போட்டா காப்பியடிச்சிருவாங்களே சார்" என்றார். "அலமாரியில இருந்தப்பவும் அடிச்சாங்கம்மா. இப்ப அடிச்சா மாட்டிக்குவாங்க." மசியவில்லை. கிளம்பும்போது மட்டும் பீரோவிலிருந்து தன் ஆய்வேட்டு சிடியை எடுத்து, "இது திறக்குதான்னு பாருங்க" என்றார்.

திறந்தது. ஆனால் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தது. அது இல்லாத என் கணினியில் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. யுனிகோடுக்கு மாற்றினால், ஆங்கில அடிக்குறிப்புகள் யாருக்கும் புரியாத தமிழாகிவிட்டன! இருவரும் நான்கு மதியம் உட்கார்ந்து சரிசெய்தோம். முடிந்ததும் கோப்பில் 'முல்லை' என்று தேடிப் பார்த்தார். வரிசையாக மஞ்சள் விழுந்தது. பேசாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார். அடுத்த வாரம் அவரே போன் செய்தார்: "எங்க துறையில இன்னும் பதினோரு பேரு சிடி வச்சிருக்காங்க."

அறிவியல் கல்லூரி நூலகர்:
எங்களுக்கு வேதியியல் துறை. கட்டுரை இதழில் வரும்வரை ஆய்வேட்டைத் தர மாட்டேன் என்றார் பேராசிரியர். நியாயம்தான். எங்கள் கல்லூரிக் களஞ்சியத்தை நடத்தும் டிஸ்பேஸ் மென்பொருளில் தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியும்படி வைத்து, முழுக்கோப்புக்கு ஓராண்டுப் பூட்டுப் போட்டு, அவர் கண்முன்னே திறக்க முயன்று காட்டினேன். அப்புறம் அவருடைய மாணவர்கள் என் மேசைக்கே வருகிறார்கள், பெரும்பாலும் மேற்கோள் பட்டியல் சந்தேகத்தோடு.

உதவி நூலகர்:
நான் முன்பு இருந்த கல்லூரியில் இதே மாதிரி வீடுவீடாகப் போகாத குறையாகக் கெஞ்சி, ஆசிரியர்களின் கட்டுரைகளைச் சேர்த்தோம். சர்வர் வட்டு போனது. பேக்கப் எடுக்கும் பொறுப்பு நூலகத்துக்கா, கணினி மையத்துக்கா என்று அன்றுதான் பேச்சே வந்தது. மறுபடி அதே ஆசிரியர்களிடம் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. ஒரு வருடம் கேன்டீனுக்கே பின்வாசல் வழியாகத்தான் போனேன்.