பாட்டு நின்ற இடத்தில் பாட்டி நிற்கவில்லை: உபத்திரவ நாளில் கண்டதைப் பகிருங்கள்

ஆர்மோனியப்பெட்டி (ரங்கூன்):

வீட்டு ஜெபம், நாலாவது மாடி, ஏழு குடும்பம். வார்டு லூஜி (வார்டுப் பெரியவர், சர்க்கார் ஆள்) ஏன் வந்தார், யார் சொல்லி வந்தார் என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். மனசை விட்டுப் போகாதது ஒன்றுதான். கதவு தட்டினதும் ஆர்மோனியம் நின்றது. பிள்ளைகள் போனை மடியில் கவிழ்த்துவிட்டார்கள். பாட்டு வரி முழுக்க போனில்தான் இருந்தது, அதனால் அறையே ஊமையாகிப் போனது. மூலையில் இருந்த பாட்டி மட்டும் டிபன் கேரியர் மூடியில் தாளம் தட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சரணத்தை எடுத்தார். புத்தகம் இல்லை, கண்ணாடியும் இல்லை. லூஜி கழற்றின செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். மூன்றாம் சரணம் முடிந்த பிறகுதான் "அமே (அம்மா), பேர்ப்பட்டியல் பார்க்கணும்" என்றார்.

அப்போஸ்தலர் 16ஐ நிதானமாகப் படியுங்கள். உட்காவலறை, காலில் தொழுமரம், நடுராத்திரி. சிறைக்காரன் தீபம் கேட்டு வாங்கினதே 29ஆம் வசனத்தில்தான். இருட்டில் பவுலும் சீலாவும் பாடினது மனப்பாடமாக இருந்ததைத்தான். "காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்" என்று 25இல் இருக்கிறதே, அதற்குத்தான் பாட்டு உள்ளே இருக்க வேண்டும் என்பது.

பாட்டை மனசில் எப்படி ஏற்றுவது: ரெண்டு வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். முதல் வாரம் பல்லவியும் முதல் சரணமும், வாத்தியம் இல்லாமல். ரெண்டாம் வாரம் மீதிச் சரணங்கள், விளக்கை அணைத்துவிட்டு (கரண்ட் போகிற ஊரில் இதற்குத் தனியாக ஏற்பாடே வேண்டாம்). மறப்பது நடு வரியை அல்ல, சரணத்தின் முதல் சொல்லை. ஆகவே எல்லாச் சரணங்களின் முதல் சொல்லையும் ஒரே வரியாகக் கோத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த தொல்லை சுருதி. ஆர்மோனியம் இல்லாவிட்டால் பயத்தில் எல்லாரும் மேலே எடுத்துவிடுகிறார்கள், சரணத்தில் குரல் உடைந்து ஒவ்வொருவராக நிறுத்திவிடுகிறார்கள். பார்க்கிறவனுக்கு அது பயந்து நின்ற மாதிரி தெரியும். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு ஒரு கட்டை, மிஞ்சினால் ஒண்ணரைக் கட்டை.

பட்டியல்காரன்:

பாட்டு இருக்கட்டும் அண்ணே. அந்த ஏழு குடும்பத்தில் ராத்தங்கலுக்கு வந்தவர் யாராவது இருந்தாரா, இருந்தால் பதிந்திருந்தீர்களா? அதைச் சொல்லாமல் தாளத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

டெல்டா பக்கம் ஒரு வீடு. ஞானஸ்நானம் எடுத்த மூன்றாம் மாதம் ராத்திரியில் கல்லெறி. மறுநாள் ஜெபத்தில் வீட்டுக்காரர் ஒரு நோட்டை எடுத்து வாசித்தார்: தகரம் நாலு ஓட்டை, கோழி மூன்று, சைக்கிள் ஒன்று, பானை ரெண்டு. ஒவ்வொன்றுக்கும் "ஸ்தோத்திரம்" என்றார். கோழிக்குச் சொல்லும்போது அவர் பெண்டாட்டி சிரித்துவிட்டார், பிறகு அறை முழுக்கச் சிரிப்பு. எபிரெயர் 10:34இல் "உங்கள் ஆஸ்திகளையும் சந்தோஷமாய்க் கொள்ளையிடக்கொடுத்தீர்கள்" என்று இருப்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தது.

ஆனால் அந்த நோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். தேதி, மணி, என்ன உடைந்தது, பார்த்தவர் யார் என்று அன்றைக்கே எழுதாவிட்டால் ஒரு வாரத்தில் சண்டைக்கதையாகிவிடும். "அவங்க நம்மை வெறுக்கிறாங்க" என்ற மாதிரி வரி எழுதாதீர்கள். எண்ணிக்கை மட்டும்.

விருந்தாளிப் பதிவு (ராத்தங்க வருகிறவரை லூஜியிடம் பதிவது): 2012 வார்டு, கிராம நிர்வாகச் சட்டத்தில் 17ஆம் பிரிவு. நடுவில் எடுத்திருந்தார்கள், 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். சின் மலையிலிருந்தும் கயா மாநிலத்திலிருந்தும் ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுக்கிற வீடுகள் மாட்டிக்கொள்வது விசுவாசத்தினால் அல்ல, இந்தத் தாளினால். இருட்டுவதற்குள் அடையாள அட்டை நகலோடு ஒருவர் போய்ப் பதிந்துவிடுங்கள். வீட்டுப் பட்டியல் (வீட்டார் பேர் பதிந்த தாள்) நகல் ரெண்டு, ஒன்று கதவுக்குப் பக்கத்தில். லூஜி வந்தால் பேசுவது ஒரே ஆள், அதுவும் பர்மிய மொழி நன்றாக வருகிறவர். நாலு பேர் சேர்ந்து பேசினால் நாலு பதில் வரும். போனில் படம் பிடிக்கக் கூடாது. 2008 அரசியல் சாசனத்தில் 361ஆம் பிரிவு புத்த மதத்தின் தனியிடத்தைச் சொல்கிறது, 362 கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் இந்து மதத்தையும் பேர் சொல்லி ஏற்கிறது. 362ஐ மட்டும் நீட்டுகிறவரிடம் லூஜி 361ஐ நீட்டுவார். ரெண்டையும் தெரிந்துகொண்டு போங்கள், வாதாடப் போகாதீர்கள். பிற மதத்தை ஒரு சொல் தாழ்த்திப் பேசினாலும் தண்டனைச் சட்டம் 295-ஏ இருக்கிறது, ரெண்டு வருஷம் வரை.

மதம் மாறுகிறவருக்கு 2015 சட்டம் தனி. 18 வயது ஆகியிருக்க வேண்டும், டவுன்ஷிப் குழுவில் விண்ணப்பம், விசாரணை, யோசிக்க 90 நாள், கேட்டால் 180 வரை நீட்டுவார்கள். விசாரணைக்குப் பாஸ்டரய்யா பக்கத்தில் உட்கார வேண்டாம். கட்டாயப்படுத்துவதற்கு அந்தச் சட்டத்திலேயே தண்டனை உண்டு, அவர் தோளைத் தட்டினால்கூட அப்படித்தான் எழுதுவார்கள்.

மோல்மேன் தண்ணிக்குழாய்:

தம்பி, நோட்டு சரி. கோழிக்கு ஸ்தோத்திரம் சொல்லிச் சிரித்ததை எல்லாருக்கும் சட்டமாக்கிவிடாதீர்கள். அழுகிற பெண்ணைப் பார்த்து "சந்தோஷமாயிருங்கள்னு வசனம் இருக்கே" என்று ஒரு மூப்பர் சொன்னதும் அவள் முந்தானையை வாயில் அடக்கினதும் மறக்க மாட்டேன் என்கிறது. அப்படி அடக்கின வாய் பிறகு ஜெபத்துக்கும் திறக்கவில்லை.

பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சனை மேற்கோள் காட்டாத பர்மா சபை கிடையாது. ஆனால் எந்த ஜட்சன்? 1824 ஜூன் 8இல் அன்றைய தலைநகர் ஆவாவில் பிடித்துப்போய் லெட்மாயூன் சிறையில் போட்டார்கள். அந்தப் பேருக்கே "கை கூசாதே" என்று அர்த்தம். காலில் மூன்று ஜோடி விலங்கு, ராத்திரியில் விலங்குகளுக்குள் மூங்கிலைச் செருகிக் காலை மேலே தூக்கிவிடுவார்கள், தோளும் தலையும் மட்டும் தரையில். மனைவி ஆன், அவர் ஊரில் செய்கிற ஒரு இறைச்சிப் பலகாரத்தை இங்கே கிடைத்த எருமைக்கறியையும் வாழைப்பழத்தையும் வைத்து எப்படியோ செய்து, அவர்களோடு இருந்த பர்மிய விசுவாசி மவுங் இங் கையில் கொடுத்தனுப்பினார். அதைப் பார்த்ததும் ஜட்சன் முழங்காலில் தலையைக் கவிழ்த்து அழுதார். ஒரு வாய்கூட வைக்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டார். இதுவும் அதே மனுஷன்தான், 1834 ஜனவரி 31இல் பர்மிய வேதாகமத்தின் கடைசித் தாளை முடித்த அதே ஆள்.

யாக்கோபு 1:2இல் இருப்பது "சந்தோஷமாக எண்ணுங்கள்". எண்ணுவது கணக்கு வேலை. முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

பழைய கதைதான் என்றாலும் தலையணையைப் பற்றி ஒன்று. ஜட்சன் பர்மிய மொழியில் பெயர்த்த கையெழுத்துப் புதிய ஏற்பாட்டை ஆன் தலையணைக்குள் வைத்துத் தைத்தார். யாரும் எடுத்துக்கொள்ள ஆசைப்படக் கூடாது என்று வேண்டுமென்றே கெட்டியாகத் தைத்தது. 1825இல் கைதிகளை அவுங்பின்லே கிராமத்துக்கு விரட்டினபோது மேலுறையை உருவிக்கொண்டு உள்ளே இருந்ததைத் தூக்கியெறிந்தார்கள். மவுங் இங் அதை ஞாபகத்துக்கென்று எடுத்து வைத்ததால்தான் பிழைத்தது. அவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஞானஸ்நானப் பதிவேட்டை ஒரே அலமாரியில் வைத்திருக்கிற சபைகள் இதை யோசிக்கட்டும். சின் மலையில் தந்லாங் ஊர் 2021இல் எரிந்தபோது வீடுகளோடு ஆலயமும் போனது. நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும், அதே தெருவில் அடுத்த வீட்டில் இருந்து பிரயோஜனமில்லை.

பட்டியல்காரன்:

சட்டமாக்கினேன் என்று எங்கே எழுதினேன்? அந்த வீட்டில் நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

கிணத்தடி அக்கா:

ரெண்டு பேரும் சர்க்காரையே பேசுகிறீர்கள். நம் தமிழ்க் கிராமங்களில் உபத்திரவம் சித்தப்பா வீட்டிலிருந்துதான் வரும். திருவிழா வரி கொடுக்கவில்லை என்று ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்கள். அந்த வீட்டுச் சாவுக்குப் பாடை தூக்க நம் ஆள் ஒருத்தரும் வரவில்லை. பக்கத்து வயல் பர்மாக்காரர் நாலு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். தோள் உயரம் ஒத்துப்போகாமல் பாடை சாய்ந்துகொண்டே போனது. அந்தச் சாய்வுதான் கண்ணில் நிற்கிறது.

வரியே கொடுக்காதே என்று சொல்கிற ஊழியக்காரர்கள் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். வரியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கிணறு தூர் வாருவது, தெருவிளக்கு, சாவுப்பணம், சாமி செலவு எல்லாம் ஒரே தொகையாக இருக்கும். முதல் மூன்றையும் தனியாகப் பிரித்துக் கட்டுங்கள், கேட்டதற்கு மேல் கொஞ்சம் கூட்டியே கட்டுங்கள், ரசீதில் "கிணறு" என்று எழுதி வாங்குங்கள். திருவிழா நெருங்கிவிட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ரெண்டு மாதம் முன்னாலேயே, பெரியவர் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போய்ப் பேச வேண்டியது. படையல் சோறு வந்தால் வாங்க மறுக்கிறவர்கள், "வேண்டாம் அத்தை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வாங்கி வைத்துக் குப்பையில் போட்டு, அதை அவர்கள் பார்த்துவிட்டதனால் உண்டான பகை, மதம் மாறினதனால் உண்டானதைவிடப் பெரிசு.

தகரடப்பா:

சிறைக்குக் கொடுத்தனுப்புகிற பலச்சாங் (பொரித்த இறால் தூள் தொக்கு) பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். வாசல் வரிசையில் ஒரு தாய். போன முறை கொடுத்த டப்பா காலியாகத் திரும்பி வந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "சோப்புப் போட்டுக் கழுவியிருக்கான்" என்றார். உள்ளே சோப்பு எவ்வளவு அருமை என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். வேறொன்றும் பேசவில்லை, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செய்முறை, ஒரு ஆளுக்கு ரெண்டு வாரம் வருகிற அளவு: காய்ந்த கூனி இறால் கால் வீசை (400 கிராம் சுமார்), பூண்டு 10 முழுசு, சின்ன வெங்காயம் அதே அளவு, கடலை எண்ணெய் அரை லிட்டர், மிளகாய்த்தூள் 3 கரண்டி, ஙாப்பி (மீன் அல்லது இறால் ஊறல் விழுது) ஒரு கரண்டி, புளி எலுமிச்சங்காய் அளவு. இறாலைக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து இடியுங்கள். பூண்டை ஒரே கனத்தில் நறுக்கி, எண்ணெய் லேசாகச் சுட்டதும் போடுங்கள். வெளுத்த பொன் நிறத்திலேயே அரித்து எடுத்துவிட வேண்டும், எடுத்த பிறகும் அது கருத்துக்கொண்டே போகும். கருத்தால் டப்பா முழுக்கக் கசப்பு. வெங்காயம் அடுத்து, அதற்குத் தண்ணீர் அதிகம், பொறுமை வேண்டும். பிறகு அதே எண்ணெயில் ஙாப்பி, மிளகாய்த்தூள், கெட்டியாகக் கரைத்த புளி. சலசலப்பு அடங்கினால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அப்போது இறால் தூள், சிறு தீயில் கால் மணி. பூண்டு வெங்காயம் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு.

பூசணம் பிடிக்கிறது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான், சூட்டோடு மூடி போடுவது. மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி மேலே விழும். ராத்திரி முழுக்கத் துணி மூடி ஆறவிட்டு விடியற்காலை டப்பாவில் அடையுங்கள். கண்ணாடி போத்தல் வேண்டாம், திருப்பி அனுப்புவார்கள். எப்படியும் சோதனைக்குக் கரண்டி விட்டுக் கிளறுவார்கள், அந்தக் கரண்டி ஈரமாயிருந்தால் நாம் செய்ததெல்லாம் வீண். ஆகவே ஒரே பெரிய டப்பாவுக்குப் பதில் ரெண்டு சின்னது. ஒன்று கெட்டாலும் ஒன்று மிஞ்சும்.

வசனத்துண்டு உள்ளே வைக்காதீர்கள். அகப்பட்டால் டப்பா மட்டுமல்ல, அடுத்த மாத முறையும் போய்விடும்.

ஆர்மோனியப்பெட்டி:

தகரடப்பா, புளிக்குப் பதில் வினிகர் விட்டால் எத்தனை நாள் தாங்கும்? பட்டியல்காரனுக்கு: வந்திருந்தவர் ஒருவர், சாயங்காலமே பதிந்தாயிற்று. அதைப் பதியப் போனதும் பாட்டிதான்.