கறுப்புக் கொடியில் உள்ள முத்திரை யாருடையது?

கதிரொளி:
ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற பயங்கரவாத அமைப்பின் கறுப்புக் கொடிக்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். கொடியை உற்றுப் பாருங்கள். மேலே இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவின் முதல் பாதி. கீழே வெள்ளை வட்டத்துக்குள் நபிகள் நாயகத்தின் முத்திரை. 2007இல் இராக்கில் இதை வெளியிட்டவர்கள் எல்லாவற்றையும் மதத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

பேட்டைவாசி:
எடுத்தவர்களுக்கு அது சொந்தமாகிவிடுமா, சகோதரரே? உயிர் பிரியும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஓதுவது அந்தக் கலிமாதான். சவூதியின் பச்சைக் கொடியிலும் தாலிபானின் வெள்ளைக் கொடியிலும் அதே கலிமா. அந்தத் தாலிபானும் ஆப்கானிஸ்தானில் இயங்கும் ஐ.எஸ்.ஸின் கொராசான் பிரிவும் ஒருவரையொருவர் கொன்றிருக்கிறார்கள். வாசகத்தைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

கதிரொளி:
கலிமாவை நான் குறை சொல்லவில்லை. வட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறேன். சவூதி கொடியில் கலிமாவுக்குக் கீழே இருப்பது வாள். இவர்கள் முத்திரையை வைத்தார்கள். கறுப்பு நிறமும் தற்செயல் அல்ல. 747இல் கொராசானில் அபூ முஸ்லிம் என்ற கிளர்ச்சித் தலைவர் அன்றைய ஆட்சி வம்சமான உமையாக்களுக்கு எதிராக உயர்த்தியதும் கறுப்புக் கொடியே.

ஏட்டுச்சுவடி:
லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்பின் மஞ்சள் கொடியையும் பாருங்கள். 'அல்லாஹ்' என்ற சொல்லின் எழுத்திலிருந்து ஒரு கை எழுந்து துப்பாக்கியைப் பிடிக்கிறது. பள்ளிவாசல் சுவர்களை அழகுபடுத்திய எழுத்துக்கலை இப்படி ஆனதில் எனக்குத் தீராத வருத்தம்.

பேட்டைவாசி:
வட்டத்துக்கே வருகிறேன். முத்திரை இல்லாத கடிதத்தை ரோமர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டதால் நபியவர்கள் வெள்ளி மோதிரம் செய்துகொண்டார்கள். அதில் முஹம்மது ஒரு வரி, ரசூல் (தூதர்) ஒரு வரி, அல்லாஹ் ஒரு வரி. அரசர்களுக்குக் கடிதம் எழுதப் பயன்பட்ட பொருள் அது. வழிபாட்டுச் சின்னம் அல்ல. நபியவர்களுக்குப்பின் ஆட்சித் தலைவர்களான கலிஃபாக்கள் அபூபக்கர், உமர், உஸ்மான் கைகளுக்கு வந்தது. உஸ்மானின் கையிலிருந்து மதீனாவின் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடினார்கள், தண்ணீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. நபிமொழித் தொகுப்பான புகாரியிலேயே இருக்கிறது. மூன்றாம் கலிஃபாவே தொலைத்துவிட்ட மோதிரத்தைத் துணியில் அச்சடித்து, நாங்களே வாரிசுகள் என்கிறார்கள். கொடியில் இருக்கும் வடிவமோ இஸ்தான்புல் டோப்காபி அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கடிதத்தின் முத்திரையைப் போன்றது. அந்தக் கடிதம் உண்மையானதுதானா என்றே ஆய்வாளர்கள் ஐயப்படுகிறார்கள்.

கதிரொளி:
கிணற்றுச் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் நீங்கள் சொன்னது என் வாதத்தைத்தான் வலுப்படுத்துகிறது. அரச முத்திரை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2014இல் ஐ.எஸ். கிலாஃபத்தை, அதாவது கலிஃபா ஆட்சியை, அறிவித்தபோது அந்தக் கொடி ஏற்கெனவே தயாராக இருந்தது. 2019 ஈஸ்டர் நாளில் இலங்கையில் குண்டு வைத்தவர்கள் அதன் முன்னால் நின்றுதான் உறுதிமொழி எடுத்தார்கள், தமிழ் பேசிய இளைஞர்கள். அவர்களிடம் இந்தக் கிணற்றைப் பற்றி யாராவது சொல்லியிருக்க வேண்டாமா?

பேட்டைவாசி:
சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குறை எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கலிமாவைப் பார்த்து விருந்தாளி ஒருவர் தயங்கி நிற்கிறாரே, அந்தக் குறை யாருடையது?