சம்பளம் கூடின வேலையா, வீட்டுக்குப் பக்கத்து வேலையா? தங்கச்சி விஷயமாக ஒரு கேள்வி

கோவை அக்கா:

வணக்கங்க. தங்கச்சி பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று சரவணம்பட்டியில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதித் தரும் நிறுவனம். மதியம் 12 முதல் இரவு 9 வரை ஷிப்ட், கைக்கு 21,000. இன்னொன்று எங்கள் ஊரிலேயே ஒரு பட்டறையின் ஆபீஸ். காலை 9 முதல் மாலை 6 வரை, சம்பளம் 13,500. நடந்தே போய்விட்டு வரலாம்.

அப்பா உள்ளூர் வேலைக்குத்தான் போகச் சொல்கிறார். எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்ததே அவர்தான், அதனால் அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அவருடைய பயமெல்லாம் திரும்பி வரும் வழியைப் பற்றித்தான். வீடு திருச்சி ரோட்டுப் பக்கம். இரவு 9 மணிக்குக் கிளம்பி, காந்திபுரத்தில் பஸ் மாறி, ஸ்டாப்பில் இறங்கும்போது பத்தரை ஆகிவிடும். அங்கிருந்து கால் மணி நேர நடை. பேக்கரி வரைக்கும் வெளிச்சமும் ஆட்களும் உண்டு. அதைத் தாண்டினால் வரிசையாக லேத் பட்டறைகள். எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டால் ஈ காக்கை இருக்காது. முக்கில் ஒயின்ஷாப் வேறு. அப்பா மில்லில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர். ஒரு வாரம் வண்டியில் போய்க் கூட்டி வரலாம், அடுத்த வாரம் முடியாது.

அவளும் “பரவாயில்லைக்கா, பக்கத்துலயே போறேன்” என்கிறாள். நாளைக்கு எல்லாரும் ‘அவளே விரும்பித்தானே சேர்ந்தாள்’ என்று சொல்லிவிடுவார்கள். மாதம் 7,500 என்றால் வருடத்துக்கு 90,000 ரூபாய். இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பொருளாதாரம் படித்தவர்கள் யாராவது இதை அளந்து பார்த்திருக்கிறார்களா? கம்பெனியிடம் நாங்கள் என்ன கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பொருளியல் டீச்சர்:

அளந்திருக்கிறார்கள் அம்மா. கிரிஜா போர்க்கர் என்ற பொருளியலாளர் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வு அது. ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அவர் டெல்லியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அப்போது அங்கே பிளஸ் டூ மார்க்கை வைத்து கட்-ஆஃப் போட்டுத்தான் சேர்க்கை. அதனால் ஒரு பெண்ணுக்கு எந்தெந்தக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும், அதையெல்லாம் விட்டுவிட்டு எதில் போய்ச் சேர்ந்தாள் என்று தெரிந்துவிடும். ஏறக்குறைய 4,000 மாணவ மாணவிகளிடம் விசாரித்து, வீட்டிலிருந்து ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள வழியை கூகுள் மேப்பில் எடுத்தார். அந்த வழி எவ்வளவு பாதுகாப்பானது என்பதற்கு சேஃப்டிபின் என்ற செயலியின் பதிவுகளைப் பயன்படுத்தினார். அதில் என்ன பார்ப்பார்கள் தெரியுமா? விளக்கு எரிகிறதா, நடக்கப் பாதை இருக்கிறதா, நம்மைப் பார்க்கும்படி ஜன்னலோ கடையோ இருக்கிறதா, தெருவில் ஆட்கள் இருக்கிறார்களா, அந்த ஆட்களில் பெண்கள் உண்டா. நீங்கள் பேக்கரியையும் பட்டறை ஷட்டரையும் பற்றி எழுதியிருப்பது அதேதான்.

புள்ளியியலில் திட்டவிலக்கம் என்று ஓர் அளவு உண்டு. சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் விலகி இருக்கிறது என்று காட்டுவது அது. வழி அந்த அளவில் ஒன்று கூடுதல் பாதுகாப்பாக இருந்தால் போதும், பெண்கள் முதல் 20 சதவீதத்தில் உள்ள நல்ல கல்லூரியை விட்டுவிட்டு, தரத்தில் கீழ்ப்பாதியில் இருக்கும் கல்லூரிக்குப் போகத் தயாராக இருந்தார்கள். அதே பாதுகாப்புக்காக ஆண்கள் இறங்கி வந்தது முதல் 30 சதவீதத்துக்குள் வரும் கல்லூரி வரைக்கும்தான். பணமாகப் பார்த்தால், அந்த வழிக்காக ஆண்களைவிட வருடத்துக்கு 18,800 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கப் பெண்கள் தயார். கல்லூரியின் சராசரி வருடக் கட்டணத்தைப் போல அது இரண்டு மடங்கு!

எனக்கு ஆறாத விஷயம் இதுதான்: தொழிலாளர் கணக்கெடுப்பில் உங்கள் தங்கை ‘13,500 ரூபாய் சம்பளம் வாங்கும் பட்டதாரி’ என்று மட்டும்தான் பதிவாவாள். விட்டுவந்த 21,000 எந்தக் கட்டத்திலும் இருக்காது. தெருவிளக்கின் செலவை அவள் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறாள் என்று எந்த அட்டவணையும் சொல்லாது.

வண்டி வசதி கொடுத்தால் நிலைமை மாறுகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. பாகிஸ்தானின் லாகூரில் எரிகா ஃபீல்ட், கேட் வைபோர்னி என்ற பொருளியலாளர்கள் இருவரும் வேலைக்குப் போய்வர வண்டி தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். பெண்களுக்கு மட்டுமான வண்டி என்றதும் விண்ணப்பிக்கும் பெண்கள் வெகுவாகக் கூடினார்கள். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் தந்த திட்டத்தை கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் அதிகரித்திருந்தார்கள். நம் ஊரில் 2021 மே மாதத்திலிருந்து சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டிக்கெட் செலவு போய்விட்டது. ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்குமான அந்தக் கால் மணி நேரம்தான் பாக்கி.

திருப்பூர் செக்கிங்:

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்க. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். வேன் இல்லையென்றால் எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் வேலைக்கே வரமாட்டார்கள். பத்து ரூபாய் கூடக் கொடுக்கிற கம்பெனியை விட்டுவிட்டு, வேன் ஊருக்குள் வருகிற கம்பெனியில் சேருகிற பொண்ணுங்களை தினமும் பார்க்கிறேன்.

ஆனால் வேன் இருக்கிறது என்று சொன்னவுடனே தலையாட்டிவிடாதீர்கள். எங்கே இறக்கிவிடுவார்கள் என்று கேளுங்கள். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனால் உங்களுக்குப் பிரயோஜனமே இல்லை, அந்தப் பட்டறை வீதியை அவள் நடந்துதானே ஆகணும். அப்புறம், கடைசியாக இறங்குவது யார் என்று கேளுங்கள். எல்லாரும் இறங்கின பிறகு டிரைவரோடு தனியாக ஒரு பொண்ணு மட்டும் அரை மணி நேரம் வருகிற மாதிரி ரூட் போட்டுவிடுவார்கள். கடைசி ஆள் பொண்ணாக இருந்தால், அவளோடு செக்யூரிட்டியும் வண்டியில் வரணும். எங்கள் கம்பெனியில் சண்டை போட்டுத்தான் அதை வாங்கினோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் வேன் எட்டரைக்குத்தான் கிளம்பும். உடம்பு முடியவில்லை, எனக்கு ஒரு ஷிப்ட் போதும் என்று சொன்னாலும் போக வழி கிடையாது. வேனுக்காகவே மூன்று மணி நேரம் சேர்த்து வேலை பார்க்கணும். வேலை இழுத்துக்கொண்டால் வண்டி எப்போது வரும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் சட்டம்:

நீங்கள் கேட்பது சலுகை இல்லை என்ற தைரியத்தோடு பேசுங்கள். தொழிற்சாலைகளில் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றிருந்த பிரிவை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதே, போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் வேறு விதி. 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்து 2019-இல் வந்த தமிழக அரசாணையின்படி, இரவு 8 மணிக்கு மேல் ஒரு பெண் வேலை செய்ய அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், தகுந்த பாதுகாப்பும் வேண்டும். ஷிப்டில் வரும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்து, அந்த அறிவிப்பை வாசலிலேயே ஒட்ட வேண்டும். அந்த ஆணையின் கீழ் நடக்கிற நிறுவனமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்குங்கள்.

கோவை அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று இரவு இதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். டெல்லிப் பெண்கள் விஷயத்தை மறுபடியும் ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

இன்று தங்கச்சியே ஹெச்.ஆருக்கு போன் செய்தாள். கேப் இருக்கிறதாம், ஆனால் சிங்காநல்லூர் வரைக்கும்தான். நம்ம பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் அங்கே வேலை பார்க்கிறார்களாம். அவர்களும் சிங்காநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்துத்தான் வருகிறார்கள். அவர்கள் நம்பரை வாங்கியிருக்கிறோம். மூன்று பேரும் சேர்ந்து வீட்டு வாசல் வரைக்கும் வண்டி கேட்டு மெயில் போடப் போகிறார்கள். கடைசியாக இறங்குவது யார் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சேருவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழன் வரைக்கும் பதில் வரவில்லையென்றால் அப்பாவும் கூட வந்து நேரில் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். என்ன ஆச்சு என்று இங்கேயே எழுதுகிறேன்.