கொல்லிப்பாவையின் வலிமை யாருடையது? நற்றிணை 201 குறித்து ஒரு கேள்வி

கேட்பவர்: அஸ்தம்பட்டி மாணவி, சேலம்

பரணர் பாடிய நற்றிணை 201ஆம் பாட்டை முதுகலை வகுப்பிற்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். குறவன் மகளை மறந்துவிடு என்று பாங்கன் (தலைவனின் தோழன்) சொல்ல, தலைவன் மறுக்கிறான். காற்று மோதி இடித்தாலும், மழை விரைந்து கொட்டினாலும், இடி சினந்து தாக்கினாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகிய உருவம் அழியாத கொல்லிப்பாவையை, அதாவது கொல்லி மலையில் உள்ள பெண்சிலையைப் போல அவள் என் நெஞ்சை விட்டு நீங்க மாட்டாள் என்கிறான். இயற்கையின் சீற்றம் அனைத்தையும் தாங்கி நிற்பது ஒரு பெண்ணுருவம் என்பதால், இதைப் பெண்ணின் ஆற்றலைப் போற்றும் பாட்டு என்று கொள்ளலாமா?

மறுமொழி 1: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

அப்படிக் கொள்ளத் தயங்குகிறேன், அம்மா. பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘பெறல் அருங்குரையள், அருங்கடிக் காப்பினள், சொல் எதிர் கொள்ளாள், இளையள்’ என்று பாங்கன் அடுக்குவதெல்லாம் அவளைச் சுற்றி வீடும் குடியும் எழுப்பிய காவல். அதற்கு எதிராகத் தலைவன் அடுக்குவது காற்று, மழை, இடி, நிலநடுக்கம். இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் அந்தப் பெண் ஒரு சொல்லும் பேசவில்லை. பாவையைப் போல அசையாமல் இருப்பது அவன் நெஞ்சில் பதிந்த உருவமேயன்றி அவள் அல்லள். இதே பாவையைக் கபிலர் குறுந்தொகை 100இல் மென்மைக்கு உவமை ஆக்கியிருக்கிறார். ஒரே சிலை ஓரிடத்தில் மடப்பத்திற்கும் மற்றோரிடத்தில் அழியாமைக்கும் உவமையாகிறது என்றால், அதன் பொருளை முடிவு செய்பவன் பேசுகின்ற ஆண்தான்.

மறுமொழி 2: ஏற்காட்டு வாசகி

ஐயா சொல்வது இந்தப் பாட்டிற்குப் பொருந்தும். ஆனால் மலைநிலக் காதலைப் பாடும் குறிஞ்சித் திணை முழுவதையும் அப்படி அளந்துவிட முடியாது. தோழி பேசும் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் மலைவழியே வரும் தலைவனிடம் காட்டாற்றையும் யானையையும் இடியையும் எண்ணி அஞ்சுகிறோம் என்று அவள் சொல்வது வெறும் அச்சம் அன்று. ‘இப்படி வந்து போவதை நிறுத்தி, மணம் பேச வா’ என்று அவனை நெருக்கும் வாதம் அது. மலையின் வல்லமையைத் தன் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தும் சாமர்த்தியம் அங்கே பெண்ணிடம்தான் இருக்கிறது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு, தோழியின் அச்சத்தைக் கவிஞரின் அலங்காரம் என்று தள்ளிவிட மனம் வராது.

இன்னொன்றும் உண்டு. தினை விளையும் காலத்தில் கவணும், ஒலி எழுப்பும் தட்டையும் கொண்டு கிளி ஓட்டும் பெண்ணுக்குப் புனத்தில் ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. கதிர் கொய்ததும் அவள் வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். இயற்கையின் பருவம் திறந்துவிட்ட கதவைக் குடும்பம் சாத்துகிறது. இதைத்தான் இற்செறிப்பு என்கிறோம்.

மறுமொழி 3: கேள்வி கேட்ட மாணவி

இருவருக்கும் நன்றி. தோழியின் வாதம் எனக்குப் புதிய வெளிச்சம். ஆயினும் அந்த வாதமும் மணத்தில்தான் போய் முடிகிறது என்பது என்னை உறுத்துகிறது. அதனால் ஔவையாரின் குறுந்தொகை 28ஐ இதனோடு சேர்த்துப் படித்தேன். ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று தலைவி கொதிக்கிறாள். சுழன்று அசையும் காற்று அவளை அலைக்கழிக்க, அவளுடைய நோயை அறியாமல் ஊர் உறங்குகிறது. பரணரின் காற்று கொல்லி மலையையே இடிக்கிறது, பாவை வாய் திறக்கவில்லை. ஔவையின் காற்று வெறும் அசைவளிதான், ஆனால் அது பட்ட பெண் ஊரையே எழுப்பக் கூவிவிடலாமா என்று கேட்கிறாள். பெண்ணின் ஆற்றலைப் பற்றிய என் கட்டுரையை இந்தப் பாட்டிலிருந்து தொடங்கி, கொல்லிப்பாவையை அதற்குப் பிறகே வைக்கப் போகிறேன்.